கல் நாள்

குளிர்பெட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கியவர்கள் தரை மட்டம் பார்க்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இடது பக்கத்துக் கால் ஒன்று தரையில் படவே இல்லை. கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் பெட்டி மொத்தமும் ஒருமுறை உதறும், கண்ணாடி மூடி கிடுகிடுக்கும், உள்ளே அக்காவின் தலை இம்மியளவு அசையும். பார்க்க வந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் விடிந்ததிலிருந்து அதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவன் அவன். தெருவில் அவனுக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். ஒரு பொருள் கோணலாக நின்றால் அவனால் சும்மா உட்கார முடியாது. பக்கத்து அறை அலமாரியில் கைக்குக் கிடைத்த தாள் ஒன்றை எடுத்து எட்டாக மடித்தான். தரையில் மல்லாந்து படுத்துப் பெட்டிக்கடியில் கையை நுழைத்து, தூக்கிக்கொண்டிருந்த காலுக்குக் கீழே அதைச் செருகினான். தகர விளிம்பு விரலைக் கீறியது. செருகிய பிறகுதான் தெரிந்தது, அது போன வருடத்து வேதியியல் வினாத்தாள். அக்கா பார்த்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். ‘டேய், அதுல ரெண்டு பக்கமும் குறிப்பு எழுதி வெச்சிருக்கேன்டா! முட்டுக் கொடுக்க உனக்கு வேற காகிதமே கிடைக்கலையா?’

நடுக்கம் நின்றது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஓடுகிறது. முப்பது வருடப் பழக்கம். எந்த இயந்திரத்தின் மேலும் கையை வைத்தால் போதும், உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். அதே கை நேற்று நான்கு மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு முழம் தள்ளி டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. 

“அண்ணே” என்று வாசலில் ஒரு குரல்.

பள்ளிச் சீருடை தைக்கும் அம்மாள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவசரமாகக் கிளம்பியதில் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, இழுத்துக் கட்டிய முடி, மார்போடு அணைத்த கோப்பு. நேற்று மூன்றரை மணிக்கு இதே உடையில் இதே வாசலில் வந்து நின்றவள்தான்.

“பத்தரைக்கு இவளுக்கு இன்டர்வியூ அண்ணே. போக மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இந்த டிரஸ்ஸைப் போட வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. டீச்சரைப் பாக்கணும்னு சொன்னா. சரி, பாத்துட்டாவது கிளம்பட்டும்னு கூட்டிட்டு வந்தேன். இந்த நேரத்துல வந்து நிக்கிறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதெல்லாம் இல்ல. உள்ள வாங்க” என்றான்.

அம்மாள் பெட்டியருகே போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பெண் அருகில் போகவில்லை. நிலைப்படியிலேயே நின்று கண்ணாடி மூடியை உற்றுப் பார்த்தாள். அக்காவின் முகத்துக்கு நேர் மேலே, மூடியின் உள்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருந்தது.

“அங்கிள், அங்க மட்டும் ஏன் பனி படிஞ்சிருக்கு?”

“ரப்பர் சரியில்ல. வெளிக்காத்து உள்ள போகுது. அது வெறும் ஈரம்மா, வேற ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு அவனும் அதைப் பார்த்தான். ரப்பர் சரியில்லை என்றால் விளிம்பில்தான் படிய வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர் முணுமுணு. அக்காவிடம் படிக்க வந்த யாருக்கும் சொந்தப் பெயர் ஒரு வாரத்துக்கு மேல் நிலைத்ததில்லை. காலையில் பரீட்சைப் பாடங்கள், இயற்பியலும் வேதியியலும் உயிரியலும். முடிவுகள் வந்த பிறகு, நேர்காணல் வைத்து ஆளெடுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அதற்கான பயிற்சி. முணுமுணு பாடத்தில் புலி. நேர்காணல் என்று உட்கார வைத்தால் தலை குனிந்துவிடும். ‘உன் பதில் உன் சட்டைப் பொத்தானுக்கு நல்லாக் கேக்குது, எனக்குத்தான் கேக்கல’ என்று அக்கா கத்துவது சமையலறை வரை வரும்.

பயிற்சி மூன்று வாரம். முதல் வாரம் அக்கா தேனாகப் பேசுவாள். இரண்டாம் வாரம் குறுக்கே விழுந்து குதறுவாள். மூன்றாம் வாரம் கொட்டாவி விடுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், பதிலுக்கு நடுவில் ஃபோனை எடுத்துப் பேசுவாள். இதற்கெல்லாம் தாக்குப் பிடித்தவர்களுக்குக் கடைசியாக ஒரு நாள் உண்டு. மாணவர்கள் அதைக் கல் நாள் என்பார்கள்.

அன்றைக்கு அக்கா வாயே திறக்க மாட்டாள். மேசையில் பத்து அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். மாணவரே ஒவ்வொன்றாகப் புரட்டிக் கேள்வியைச் சத்தமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு அலாரம். அதுவரை எதிரே இருக்கும் முகம் சிரிக்காது, தலையாட்டாது, சுளிக்காது. பேனா மட்டும் எப்போதாவது ஒரு வரி எழுதும். ‘எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியில பதிலைத் தேடாதே, அங்க இருக்காது’ என்பாள். அலாரம் அடித்ததும் நன்றி சொல்லி எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, வெளியே போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஐந்து மதிப்பெண் போச்சு. கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. யாரும் என்றால் அவன் ஒருவன்தான். இருவருக்கும் கல்யாணம் காட்சி என்று எதுவும் கூடி வரவில்லை. அக்காவும் தம்பியுமாக ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டே வயதாகிவிட்டது.

அவனுக்கு மட்டும் ஒரு சலுகை. எதிர்ப் பள்ளிக்கூடம் விடும் மணி நான்குக்கு அடிக்கும்போது கதவைத் தள்ளி, டீயை மேசை ஓரத்தில் வைக்கலாம். அக்கா தலையைத் திருப்ப மாட்டாள். மேசை மேல் இருக்கும் வலது கையில் ஆட்காட்டி விரல் மட்டும் ஒரு அங்குலம் எழும்பும். வைத்துவிட்டுப் போ என்று அர்த்தம். இருபத்தோரு வருடத்தில் அந்த விரல் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

நேற்றும் எழும்பியது. அவன் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். நாலு பத்துக்கு முணுமுணு வெளியே வந்தாள். முகம் பளபளவென்றிருந்தது. “நல்லாப் பண்ணேன் அங்கிள்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஐந்து மணிக்கு முன்னால் கோப்பையை எடுக்க உள்ளே போனான். டீ மேல் ஆடை படிந்திருந்தது. “எத்தனை தடவை சொல்றது, சுடச்சுடக் குடின்னு? நான் என்ன வேலையத்தா போட்டுக் கொண்டாரேன்?” என்று ஒரு நிமிடம் முழுசாகத் திட்டினான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கிப் போட்ட நாற்காலியில், சுவரில் தலை சாய்த்து, மூக்குக் கண்ணாடிக்குள் கண் திறந்தபடி அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “நாலு மணிக்கு முன்னாடியே போயிருக்கும். இதயம். பக்கத்துல நானே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார்.

“இல்ல டாக்டர். நாலு மணிக்கு நான் டீ வெச்சேன். விரலைத் தூக்கினா.”

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையை மூடினார். யார் எப்படிப் பார்த்தால் என்ன, அவனுக்குத் தெரியும். அந்த விரல்தான் அவனை நேற்றிலிருந்து பாடாய்ப் படுத்துகிறது. எழும்பியது உண்மை என்றால் அப்போது அக்கா உயிரோடு இருந்தாள். குனிந்து முகத்தைப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எழும்பவில்லை என்றால் அக்கா அவனிடம் கடைசியாகச் சொன்னது எதுவுமே இல்லை. இரண்டில் எதைத் தாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் சாயங்காலம் ஃபோன் அடித்தது. மதிப்பெண் கேட்க முணுமுணு. “டீச்சர் போயிட்டாங்கம்மா” என்றான். “எப்போ வருவாங்க?” என்றாள் அவள். வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். “செத்துப் போயிட்டாங்கம்மா. நீ பேசிட்டிருக்கும்போதே” என்று உளறிவிட்டான். ஃபோனை வைத்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

இப்போது அவள் வந்து நிற்கிறாள். அவள் போகாவிட்டால் அந்தப் பாவம் அவன் தலையில்தான்.

“அந்த ரூமுக்குள்ள போலாமா அங்கிள்?”

அம்மாளைப் பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். சிவப்புத் தாள் இன்னும் கதவில் இருந்தது, நேற்று யாருக்கும் கழற்றத் தோன்றவில்லை. அக்காவைத் தூக்கிய பிறகு மேசையை யாரும் தொடவில்லை. முணுமுணு பக்கம் புரட்டிய அட்டைகள் ஒன்பது குவிந்து கிடந்தன. பத்தாவது தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அலாரம் பூஜ்யத்தில் நின்றிருந்தது. எழும்போது நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அவள் அதை இழுத்து உட்கார்ந்தாள். எதிரே அவன் நிற்பது அவளுக்குத் தோதாக இல்லை போல. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் குனிந்தாள். வேறு வழியில்லாமல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைத் திணித்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான். இருபத்தோரு வருடத்தில் முதல் முறை.

“நான் போகலை அங்கிள். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“ஏம்மா?”

“டாக்டருக்குப் படிக்கணும்னுதானே போறேன்? என் முன்னாடி ஒருத்தங்க செத்துப் போயிருக்காங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்திருக்கேன். ஏன் டாக்டராகணும்னு ஒரு அட்டை வந்துச்சு. மனுஷங்க கஷ்டத்தைக் கண்ணால பாத்தே புரிஞ்சுக்கணும்னு ஆசை, அப்படின்னு அஞ்சு நிமிஷம் பேசினேன். அதுவும் யாரைப் பாத்து?”

அவள் குரல் முணுமுணுப்பாக இல்லை. ஒவ்வொரு சொல்லும் அறையில் நின்று கேட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அக்காவின் மதிப்பெண் தாள். அக்காவைத் தூக்கும் முன்பே எடுத்து, யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தான். பத்துக் கட்டங்கள். முதல் இரண்டில் வழக்கமான திட்டு. மூன்றாவதில், ‘குரல் வந்துவிட்டது.’ நான்காவதில் எழுத்து எதுவும் இல்லை. பேனா வைத்த புள்ளியிலிருந்து ஒரு கோடு மட்டும் தாளின் ஓரம் வரை இறங்கியிருந்தது.

“மூணு வரைக்கும் கேட்டிருக்காம்மா” என்றான்.

அவள் தாளை எடுத்து மூன்றாவது கட்டத்தைப் படித்தாள். அழவில்லை. தாளை மேசையில் வைத்து, அது நேராக இருக்கும்படி விரலால் திருத்தினாள். பிறகு அவள் கண் தனியாகக் கிடந்த அட்டையின் மேல் போனது.

“இதுக்குள்ள அலாரம் அடிச்சிருச்சு.”

“அக்கா பத்தாவதை மட்டும் ஆளைப் பாத்து எழுதுவா. என்கிட்டகூடக் காட்ட மாட்டா.”

“திருப்பட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் புரட்டிவிட்டாள். பழக்க தோஷம், சத்தமாகவே படித்தாள்.

“இவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னிடம் என்ன கவனித்தாய்? ஒன்றுவிடாமல் சொல்.”

முன்னறையில் கம்ப்ரசர் நின்றது. வீடு திடீரென்று அவ்வளவு அமைதியானது. அவள் அட்டையைக் கீழே வைக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். முகத்தைத் தாண்டிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இடத்தை, அக்காவின் தலை சாய்ந்திருந்த இடத்தைப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

“நாலாவது அட்டை படிக்கும்போது பேனா நின்னுச்சு” என்று ஆரம்பித்தாள். “தாள்ல அது கீழ இழுத்துட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. தப்பாச் சொல்லிட்டேன், அதான் அடிச்சிட்டாங்கன்னு நினைச்சேன். அஞ்சாவதுல ரெண்டு கையும் மேசையிலேர்ந்து மடிக்குப் போச்சு. மெதுவா, வழுக்கிட்டுப் போற மாதிரி. அப்புறம் மூக்குக் கண்ணாடி மேல ஒரு ஈ உக்காந்துச்சு. இந்தக் கண்ணுலேர்ந்து அந்தக் கண்ணுக்கு நடந்துச்சு. டீச்சர் இமைக்கவே இல்ல. என்ன ஒரு கட்டுப்பாடு, நாமளும் இப்படி இருக்கணும்னு எனக்கு ஒரே பெருமை. ஆறாவது படிச்சிட்டு இருக்கும்போது பள்ளிக்கூட மணி அடிச்சுது, நீங்க டீயோட வந்தீங்க.”

“அப்போ விரலைத் தூக்கினாளே.”

“யாரு?”

“அக்கா. ஆட்காட்டி விரலை. இங்க, மேசை மேல. நான் பாத்தேன்.”

அவள் யோசித்தாள். அவனுக்காக ஒரு பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அக்கா பயிற்சி கொடுத்த பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்றும் இல்லாததை இல்லை என்றும்தான் சொல்ல வரும்.

“இல்ல அங்கிள். மேசை மேல கையே இல்ல.”

அப்படியென்றால் அவன் பார்த்தது யார் விரல்? அந்த விரலின் நகத்தில் மை இருந்தது வரை அவனுக்கு நினைவிருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தான். இப்போது, கண்டதும் மறையாமல் அது நடக்கவும் இல்லாமல், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள் இந்தப் பெண்.

“எல்லாத்தையும் பாத்திருக்கேன்” என்றாள் அவள், தனக்குள் சொல்வதுபோல. “ஒண்ணுவிடாம. கவனிக்காம ஒண்ணும் இல்ல. என்னன்னுதான் கேக்கல. வாயைத் திறந்து, டீச்சர், என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை. மார்க் போயிடும்னு கேக்கல.”

“நானும்தாம்மா கேக்கல.”

அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. அட்டையை மறுபடி ஒரு முறை படித்தாள், இந்த முறை வாய்க்குள். பிறகு அவனைப் பார்த்தாள். இப்போது சுவரைப் பார்க்கவில்லை, அவனைத்தான்.

“உங்க சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. ஒரு பக்கம் இறங்கியிருக்கு. யாரும் சொல்லல போல. நேத்துலேர்ந்து எதுவும் சாப்பிடல, உதடு வெடிச்சிருக்கு. வலது கை ஆட்காட்டி விரல்ல வெட்டுப்பட்டிருக்கு. தகரமா? துரு ஏறின தகரம்னா ஊசி போடணும் அங்கிள். இன்னிக்கே போடணும். போடுவீங்களா?”

அவனால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் போல.

“மூச்சு விடுறீங்க” என்றாள். “கொஞ்சம் வேகமா. ஆனா விடுறீங்க.”

அதற்குப் பிறகு என்னவோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை மேசை மேல் ஓரிடத்தில் நின்றது. நிறத்தை யாரோ துடைத்தெடுத்ததுபோல முகம் ஒரு கணம் வெளுத்து மறுபடி தெளிந்தது. பத்தாவது அட்டையை மற்ற ஒன்பதோடு சேர்த்து அடுக்கினாள். கொண்டுவந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நன்றி டீச்சர்” என்றாள்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் நின்றாள், திரும்பினாள், அவன் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

“கிளம்பிட்டியாடி?” என்று அம்மாளின் குரல் கேட்டது. “நேரம் இருக்கும்மா, ஓட வேணாம்” என்று அவள் பதில் சொல்வதும், செருப்புச் சத்தம் படியிறங்குவதும் கேட்டன. முன்னறையில் கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை பெட்டி உதறவில்லை.

அவள் கடைசியாக எதைப் பார்த்தாள் என்று அவன் மேசையைக் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை அங்கே கிடந்தது. ஆட்காட்டி விரல் மட்டும், கீறலில் ரத்தம் உலர்ந்து, மேசையிலிருந்து ஒரு அங்குலம் எழும்பியிருந்தது. எப்போது எழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. இறக்கப் பார்த்தான். கொஞ்ச நேரம் அது இறங்கவில்லை.